கம்பியில் கட்டிய கை

அடித்தால் திருப்பி அடிப்பேன் என்று மட்டும் சொல்லிவிடாதே.

ஷெல்பி தனக்குள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மேக்ஸீன் கேட்டாள். "ஒரு பேஷன்ட் உங்கள அடிக்க வர்றாரு. என்ன பண்ணுவீங்க?"

மேக்ஸீன் அந்த நான்காம் மாடி வார்டின் தலைமை நர்ஸ். நேர்முகத்தேர்வில் எல்லா இடத்திலும் கேட்கிற கேள்விதான். ஷெல்பி மனப்பாடம் செய்திருந்ததை ஒப்பித்தாள். பின்வாங்குவேன், குரலைத் தாழ்த்துவேன், வாசல் என் பக்கம் இருக்கும்படி நிற்பேன், உதவிக்கு ஆள் கூப்பிடுவேன்.

சொல்லும்போது கைகளை மேஜைக்கு அடியில் வைத்திருந்தாள். அகலமான கைகள், குட்டையான விரல்கள். அப்பாவின் கைகள். அவை அம்மாவின் முகத்தில் இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவள் அவள். மறுநாள் காலையில் அம்மா கன்னத்தில் ஐஸ் வைத்துக்கொண்டு, "அது அவர் இல்லடி, குடி" என்பாள். நர்ஸ் படிப்பை ஷெல்பி எடுத்தது அந்தக் கைகளுக்காகத்தான். புண்ணைத் துடைத்தும் கட்டுப் போட்டும் பழகிவிட்டால் அவை வேறு யாருடைய கைகளாகவோ ஆகிவிடும் என்று நம்பினாள். யாரிடமும் சொன்னதில்லை.

லைசென்ஸ் வாங்கியாகிவிட்டது. ஆனால் அனுபவம் இல்லாதவளை யாரும் நேராக எடுப்பதில்லை. புது நர்ஸுகளுக்கான ரெசிடென்சியில், அந்தப் பயிற்சிப் பணியில், ஓர் இடம் கிடைத்தால்தான் ஆஸ்பத்திரிக்குள் கால் வைக்க முடியும். மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விண்ணப்பித்த இடமெல்லாம் கைவிரித்துவிட்டன. மிச்சம் இது ஒன்றுதான். இதுவும் போனால் மளிகைக்கடைக் கல்லாவும், அம்மாவின் டிரெய்லர் வீடும்தான்.

"நல்ல பதில்," என்றாள் மேக்ஸீன். "மத்தியானம் வரைக்கும் வெர்னாவோட நிழல் மாதிரி கூடவே போங்க. பாருங்க, கேளுங்க. ஆனா யாரையும் தொடக்கூடாது."

வெர்னா அந்த வார்டிலேயே கிழடு தட்டிய நர்ஸ். இறைச்சி அடைத்த பெப்பரோனி ரொட்டி ரோலைக் கடித்துக்கொண்டே நடந்தாள்.

"தொடக்கூடாதுன்னு சொன்னாளா? எங்க வீட்டுக்காரர்ட்ட நானும் அதத்தான் சொல்லிப் பாத்தேன். அஞ்சு புள்ள."

ஷெல்பி சிரித்துவிட்டாள். அப்போதுதான் வெர்னாவின் வலது கையைக் கவனித்தாள். விரல்கள் ஆளுக்கொரு திசையில் கோணியிருந்தன.

"கைக்கு என்னாச்சு மேடம்?"

"கதவுல மாட்டிக்கிச்சு," என்றாள் வெர்னா. சிரிப்பு போயிருந்தது.

தாழ்வாரத்தின் கடைசி அறையில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் உள்ளே குளிர்ந்தது. ஈரத்துணி வாடை. அதற்கடியில், நாக்கில் ஒட்டுகிற மாதிரி, துருப்பிடித்த இரும்பின் வாடை. இடுப்பு எலும்புக்கு ஆபரேஷன் ஆன எல்வுட் என்ற கிழவர் கழுத்துவரை போர்த்திக்கொண்டு தூங்கினார். பக்கத்து அறையில் மணி அடித்தது.

"இங்கயே நில்லு கண்ணு. வாசலத் தாண்டி உள்ள போகாத," என்றுவிட்டு வெர்னா ஓடினாள்.

கிழவர் கண் திறந்தார். ஷெல்பியைப் பார்த்தார். பிறகு அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"ரெண்டு பேரா வந்திருக்கீங்க?"

ஷெல்பி திரும்பினாள். தாழ்வாரம் காலி.

கிழவர் அசைந்ததில் போர்வை விலகியது. அவருடைய மணிக்கட்டில் துணிப்பட்டை. அதன் மறுமுனை கட்டிலின் தடுப்புக் கம்பியில் கட்டப்பட்டிருந்தது.

கம்பியில் கட்டவே கூடாது. முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள். அசையாத கட்டில் சட்டத்தில்தான் கட்ட வேண்டும். கம்பி சட்டென்று இறங்கினால் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். யார் இப்படிச் செய்தது? வெர்னாவைக் கூப்பிடலாம். ஆனால் அதற்குள் இறங்கிவிட்டால்? தொடக்கூடாதுதான். பார்த்துக்கொண்டு நிற்கவும் முடியவில்லை.

அவள் உள்ளே போய் முடிச்சில் விரலை விட்டாள்.

துணி ஈரமாக இருந்தது. வெதுவெதுப்பாகவும் இருந்தது.

முடிச்சு இறுகியது.

கம்பி தடாலென்று விழுந்தது. கிழவரின் முழங்கைக்குக் கீழே எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. வெள்ளையாக ஒன்று தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அவர் அலறினார்.

"ஷ்ஷ்," என்றது ஒரு குரல், ஷெல்பியின் காதுக்குள்.

அவளுடைய கைகளின் மேல் இரண்டு கைகள் படிந்தன. சில்லிட்ட, சிறிய, பெண்ணின் கைகள். அவை அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கின, சின்னக் குழந்தைக்குக் கற்றுக்கொடுப்பதுபோல.

முதல் குத்து கிழவரின் வாயில் விழுந்தது.

பல் உதிர்ந்தது. அடுத்தது மூக்கில். அடுத்தது கண்ணில். இரத்தம் அவள் உதட்டில் தெறித்தது. தாடை கழன்று ஒரு பக்கமாகத் தொங்கியது. குத்து நிற்கவில்லை. ஷெல்பி கத்த முயன்றாள். தொண்டையிலிருந்து வந்ததோ சீரான, சின்ன முனகல். கனமான வேலையை ரசித்துச் செய்கிறவர்களிடமிருந்து வருமே, அப்படி.

அவளுக்கு அது பிடித்திருந்தது.

வெர்னா பின்னாலிருந்து பாய்ந்து அவள் முடியைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினாள். அப்புறம்தான் கைகள் விட்டன.

"யாரு... யாரு அவரக் கட்டிப் போட்டது?" என்று ஷெல்பி திக்கினாள்.

"என்ன கட்டு?" வெர்னாவுக்கு மூச்சு வாங்கியது. "இந்த மாடில துணிக்கட்டே கிடையாதுடி. எல்லாத்தையும் எரிச்சு எத்தனையோ வருஷமாச்சு."

கிழவரின் மணிக்கட்டு வெறுமையாக இருந்தது.

அவரை ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். உயிர் இருந்தது. மேக்ஸீன் ஷெல்பியைத் தன் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். வெர்னா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பயப்படாதீங்க. அது நீங்க இல்ல," என்றாள் மேக்ஸீன். "ரொம்ப காலம் முன்னாடி, உங்கள மாதிரி ஒரு புதுப் பொண்ணு ஒரு ஆளக் கம்பில கட்டிட்டா. கம்பி இறங்கி அவர் கை ஒடிஞ்சிருச்சு. அவர் போட்ட சத்தத்த அடக்க அடிச்சிருக்கா. செத்துட்டாரு. அதே துணில அவளும் அந்த ரூம்லயே தூக்குப் போட்டுக்கிட்டா. அப்பலேருந்து அவளுக்கு ஒரு கை வேணும். புதுக் கை. ஒண்ணு பழகிருச்சுன்னா மத்தவங்கள விட்டுடுவா."

"இவ்வளவு நாள் யாரு கை?"

வெர்னா சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"கதவ நானேதான் சாத்தினேன், கண்ணு. என் கை மேலயே. திரும்பத் திரும்ப. முஷ்டி மடக்க முடியாம போற வரைக்கும்."

மேக்ஸீன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "ரெசிடென்சி இடம் உங்களுக்குத்தான். திங்கக்கிழமை வந்து சேர்ந்துடுங்க. கடைசி ரூம் மட்டும் உங்க பொறுப்பு. எல்வுட் கட்டில்லேருந்து விழுந்துட்டாருன்னு நாங்க சொல்லிக்கிறோம்."

"அந்த ரூம்ல படுக்கறவங்க?"

"பேர் சொல்லித் தேடி வர ஆளில்லாதவங்களாப் பாத்துத்தான் போடுவோம்."

ஷெல்பி தன் கைகளில் காய்ந்துகொண்டிருந்த இரத்தத்தைப் பார்த்தாள். அது நீங்க இல்ல. எத்தனை இதமாக இருந்தது கேட்பதற்கு. ஐஸ் வைத்த கன்னத்தோடு அம்மா அதைச் சொல்லும்போது அப்பாவின் முகம் எப்படித் தெளியும் என்பது ஞாபகம் வந்தது. அந்தத் தெளிவில் அடுத்த அடிக்கும் இடம் இருந்தது.

"கட்டில்லேருந்து விழல," என்றாள். "நான்தான் அடிச்சேன். அவர்கிட்டயும் போலீஸ்கிட்டயும் நானே சொல்லிக்கறேன்."

"லைசென்ஸே போயிடும். யோசிச்சுப் பாருங்க," என்றாள் மேக்ஸீன். குரல் இன்னும் கனிவாகவே இருந்தது. சம்மதம் வாங்கிவிட்டவளைப்போலச் சிரித்துக்கொண்டே மேஜைக்கு மேலாகக் கையை நீட்டினாள். "வாழ்த்துகள், ஷெல்பி."

ஷெல்பியின் வலது கை எழுந்தது.

அவள் அதைத் தூக்கவில்லை.

சில்லிட்ட சிறு விரல்கள் அவள் விரல்களுக்கிடையில் புகுந்து, மேக்ஸீனின் கையை நோக்கி மெல்ல நகர்ந்தன. ஷெல்பி இடது கையால் தன் வலது கையைப் பிடித்து இழுத்து, தொடைக்கடியில் வைத்து அதன் மேல் தன் முழுப் பாரத்தோடு உட்கார்ந்தாள். அடியில் அது துள்ளியது.

"வேண்டாம் மேடம்," என்றாள், மிக மெதுவாக. "நான் கை குடுக்க மாட்டேன்."