துடைக்காம ஒட்டின நாற்காலி

அன்னைக்கு நான் எவ்வளவு பயந்தேன்னு இதுவரைக்கும் யார்கிட்டயும் முழுசா சொல்லலை. உங்ககிட்ட சொல்றேன். சிரிக்காதீங்க.

எங்க அம்மா மரவேலை செய்றவங்க. எங்க வீட்டு முன்னறை முழுக்கப் பட்டறைதான். லீவு நாள்ல நானும் உப்புத்தாள் தேய்ப்பேன், மரத்தூள் கூட்டுவேன். பதிமூணு வயசானப்புறம்தான் அம்மா என்னை நம்பி ஒரு நாற்காலியோட ரெண்டு கைப்பிடியையும் ஒட்டச் சொன்னாங்க.

அது ஒரு குட்டி நாற்காலி. பஸ் ஓட்டுற அண்ணன் ஒருத்தர் தன் பையனுக்காகச் சொன்னது. பையனுக்கு அஞ்சு வயசு. காலுக்கும் முதுகுக்கும் பலம் பத்தாது. பின்னாடியும் ரெண்டு பக்கமும் பிடிமானம் இருந்தாத்தான் உட்காருவான். வாய்க்கு மட்டும் பலம் ஜாஸ்தி. ஓயாம கேள்வி கேட்பான். அதனால நாங்க வச்ச பேரு கேள்விக்குட்டி. திங்கக்கிழமை அவன் முதல் தடவையா பள்ளிக்கூடம் போறான்.

தினமும் கழுவ வேண்டிய நாற்காலிங்கிறதால அம்மா தேக்குல செஞ்சாங்க. தேக்குக்குள்ளயே ஒரு எண்ணெய் இருக்கு. அதனால தண்ணி பட்டாலும் சீக்கிரம் உளுத்துப் போகாது, கரையானும் கிட்ட வர யோசிக்கும். கப்பல் மேல்தளத்துக்குக்கூடத் தேக்கைத்தான் போடுவாங்க. ஆனா ஒட்டும்போது அந்த எண்ணெய்தான் வம்பு. ஒட்டுற இடத்தைப் பெயிண்ட் கரைக்கிற தின்னர்ல நனைச்ச துணியால துடைச்சு, உடனே பசை போடணும். துடைக்கலைன்னா பசை மரத்தைப் பிடிக்காது. பிடிச்ச மாதிரி நடிக்கும்.

எனக்கு இதெல்லாம் தெரியும். ஆனா அன்னைக்குத் தின்னர் டப்பா காலி. வெளிய கூட்டாளிங்க பந்தோட நின்னு கத்திக்கிட்டு இருந்தாங்க. ஒரு தடவைதானேன்னு அப்படியே பசையைப் போட்டு, கைப்பிடியைத் துளையில சொருகி, காயுற வரைக்கும் இறுக்கிப் பிடிக்க கிளாம்ப் மாட்டிட்டு ஓடிட்டேன். துடைச்சியான்னு அம்மா கேட்டாங்க. தலையை ஆட்டிட்டேன்.

மறுநாள் கிளாம்பைக் கழட்டினா கைப்பிடி கல்லு மாதிரி நின்னுச்சு. ஆனாலும் அந்தப் பக்கம் போறப்போ எல்லாம் கைப்பிடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

ஞாயித்துக்கிழமை அண்ணனும் பையனும் வந்தாங்க. கேள்விக்குட்டி தன் அப்பா இடுப்புல இருந்தபடியே குனிஞ்சு நாற்காலியை மோந்து பார்த்துட்டு, செருப்புக்கடை வாசனை அடிக்குதுன்னான். நனைஞ்சா உளுத்துப் போகாதான்னு கேட்டான். அம்மா எண்ணெய் விஷயத்தைச் சொன்னாங்க. அவன் தன் உள்ளங்கையை விரிச்சுப் பார்த்தான்.

"எண்ணெய்க் கையில ஸ்டிக்கர் ஒட்டாதே. அப்ப இது மட்டும் எப்படி ஒட்டுச்சு?"

"அதை அக்காகிட்ட கேளு. அவதான் ஒட்டினா"ன்னு அம்மா பெருமையா சொன்னாங்க.

நான் தரையில கிடந்த மரத்தூளைக் காலால தள்ளினேன். அதுக்குள்ள அண்ணன் அவனை நாற்காலியில இறக்கப் போனார். நான் குறுக்க கையை நீட்டினேன்.

"உட்கார வைக்காதீங்க அண்ணா. நான் துடைக்கவே இல்லை. அம்மாகிட்ட பொய் சொல்லிட்டேன்."

அம்மா மரச்சுத்தியலை எடுத்துக் கைப்பிடிக்குக் கீழ ரெண்டு தட்டு தட்டினாங்க. கழண்டு கையோட வந்துடுச்சு. காஞ்ச பசை மட்டும் பாலாடை மாதிரி தனியா உரிஞ்சு வந்துச்சு. அடுத்த கைப்பிடியும் அதே கதைதான். அவன் சாஞ்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சதும் எனக்கு அழுகை வந்துடுச்சு.

அண்ணன் முகம் வாடிப்போச்சு. மத்த பிள்ளைங்க பாய்ல உட்காருவாங்க, இவனால முடியாதே, நாளைக்கு அனுப்ப முடியாது போலன்னார். இப்ப ஒட்டினாலும் முழுசா ஒரு நாள் காயணும், செவ்வாய்க்கிழமை காலையில நானே பள்ளிக்கூடத்துல கொண்டு வந்து தரேன்னு அம்மா சொன்னாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பினாங்க.

"கைப்பிடி போனா மறுபடி ஒட்டிக்கலாம். என்னைப் பார்த்துத் தலையாட்டினே பாரு, அதுதான்டி வலிக்குது."

நான் ஓடிப் போய்த் தின்னர் வாங்கிட்டு வந்தேன். அம்மா பசை டப்பாவை மறுபடி என் கையிலதான் கொடுத்தாங்க. பழைய பசையைச் சுரண்டி, துளையைத் துடைச்சேன். துணி டீ கறை பட்ட மாதிரி ஆயிடுச்சு. பசை போட்டுக் கிளாம்பை இறுக்கிக்கிட்டு இருக்கும்போதுதான் தோணுச்சு, லீவு முடிஞ்சு எங்க பள்ளிக்கூடம் புதன்கிழமைதானே திறக்குது.

"நாளைக்கு நான் கூடப் போறேன் அண்ணா. அவன் என்மேல சாஞ்சு உட்காரட்டும்."

கேள்விக்குட்டி என்னை மேலயும் கீழயும் பார்த்தான். "உனக்குக் கைப்பிடி இருக்கா?"

ரெண்டு கையையும் நீட்டிக் காட்டினேன்.

"ஒட்டினதா?"

"இல்லை. பொறந்ததுல இருந்தே இருக்கு."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அம்மா திரும்பி நின்னுக்கிட்டாங்க, ஆனா அவங்க தோள் குலுங்குனதை நான் பார்த்தேன்.

திங்கக்கிழமை காலையில, வகுப்புல பாய் மேல சுவத்துல சாஞ்சு உட்கார்ந்தேன். அவன் என் மடியில, என் ரெண்டு கையும் அவனுக்கு ரெண்டு பக்கம். அரை மணி நேரத்துல கால் மரத்துப் போச்சு. அசையலையே நான். டீச்சர் ஒரு படத்தைத் தூக்கிக் காட்டி இது என்னன்னு கேட்டாங்க. ஒரு பிள்ளையும் வாயைத் திறக்கலை. பழக்க தோஷத்துல நான் ஒட்டகம்னு சொல்லிட்டேன்.

கேள்விக்குட்டி மெதுவா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான்.

"நாற்காலி பேசக்கூடாது."