ஐம்பது டிகிரித் தண்ணீர்

மருத்துவமனை மேலாளர் கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே வந்தபோது, ஆய்வாளரம்மா அப்போதுதான் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டியிருந்தார். கருவிகள் ஏன் தப்பாகப் பேசுகின்றன என்று துப்பறிவது அவர் தொழில். இந்த வாரத்தில் இது நான்காவது ஆள். உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருந்தது.

“தடுப்பூசி ஃப்ரிட்ஜ்ல ஆறு நாளா பத்து டிகிரி, பன்னிரண்டு டிகிரின்னு பதிவாகியிருக்கு. எட்டைத் தாண்டவே கூடாது. கிடங்குப் பொறுப்பாளரம்மா கதவை மூடாம விட்டிருக்காங்க. சாயங்காலத்தோட வேலையை விட்டு நிறுத்தப்போறோம். டிகிரியைக் குறிச்சு வெக்கிற பதிவுப் பெட்டி சரியா இருக்குன்னு ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா போதும்.”

ஆய்வாளரம்மாவின் கொழுந்தன்தான் அவருக்கு உதவியாளர். நாற்பது வயதிலும் அவசரக் குடுக்கை.

“கதவு ரப்பர்தான் அண்ணி. கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன்!”

“கண்ணைத் திறந்துட்டுச் சொல்லுங்க தம்பி. சார் கொண்டுவந்த பதிவுத் தாளைப் பாருங்க.”

முந்தின வாரம் நாலு, ஐந்து, ஐந்து, ஆறு. இந்த வாரம் எட்டு, பத்து, பத்து, பன்னிரண்டு. ஆறு நாளில் ஓர் ஒற்றைப்படை எண்கூட இல்லை.

“ஆறு நாளைக்கு முன்னாடி என்ன மாத்தினீங்க?” என்று மேலாளரைக் கேட்டார் ஆய்வாளரம்மா.

“சென்சார் மாத்தினோம். வேற மாடல், ஆனா பழைய பிளக்லயே பொருந்திடுச்சு.”

அவர்கள் மருத்துவமனைக் கிடங்குக்குப் போனபோது பொறுப்பாளரம்மா அழுது வீங்கிய கண்ணோடு நின்றார். “நான் மூடினேங்க. ரெண்டு தரம் இழுத்துப் பார்த்துட்டுத்தான் போவேன்.”

ஆய்வாளரம்மா ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீரை மேலாளர் கையில் கொடுத்து, அதற்குள் சென்சாரை விட்டார். பெட்டி ஐம்பது டிகிரி என்றது.

“ஐம்பது டிகிரித் தண்ணியைக் கையில வெச்சிருக்கீங்களே, சுடலையா சார்?”

சாதாரண வெப்பமானியை விட்டுப் பார்த்தார்கள். இருபத்தைந்து.

“பெட்டிக்குள்ள இருக்கிற மைக்ரோகன்ட்ரோலர்ங்கிற குட்டிச் சிப்பும் சென்சாரும் எஸ்.பி.ஐ.ன்னு ஒரு கம்பி முறையில பேசிக்குது, பேங்க் இல்ல,” என்றார் ஆய்வாளரம்மா சலிப்போடு. “ஒரு கம்பி தாளம் போடும். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு இலக்கம் வரும். தட்டு ஏறும்போது படிக்கணுமா, இறங்கும்போது படிக்கணுமான்னு ரெண்டும் ஒத்துப்போகணும். புது சென்சார் வேற மாதிரி. பெட்டியில அந்த அமைப்பை யாரும் மாத்தல. முதல் இலக்கம் தவறி, மிச்சமெல்லாம் ஒரு இடம் தள்ளிப்போச்சு. நம்ம எண்ணுல ஒரு இடம் தள்ளினா பத்து மடங்கு. அதுக்குத் தெரிஞ்சது பூஜ்யமும் ஒண்ணும்தான், அதனால ரெண்டு மடங்கு.”

“அப்போ உள்ள நாலு, அஞ்சுதான் இருந்திருக்கு அண்ணி!” கொழுந்தன் கைதட்டினார்.

மேலாளர் டம்ளரைக் கீழே வைத்தார். “சென்சாரை மாத்தச் சொன்னது நான்தான். நீங்க வேலையில இருங்கம்மா.”

பொறுப்பாளரம்மாவின் முகம் மலரவில்லை.

“அப்போ மருந்து கெடலையா?”

“கெடலைங்க,” என்றார் ஆய்வாளரம்மா.

“இன்னிக்குக் காலையில அறுநூறு குப்பியையும் அழிக்கச் சொன்னாங்க. என் கையாலயே உடைச்சுக் கொட்டினேன். வெளியில பிள்ளையைத் தூக்கிட்டு வரிசையில நிக்கிறாங்களே, அவங்களுக்கு நான் என்னன்னு சொல்லுவேன்?”

ஆய்வாளரம்மா வெளியே போய், வரிசையின் முதல் ஆளிடம் அவரே பேசினார்.