மெமரியை உருவியது யார்?

"ஐயோ... கொடல உருவிட்டாங்களே!"

காலை எட்டு மணி. அக்கரப்பத்தனை பஜாரில் பாண் வாங்க நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள்.

கத்தியது கிருஷாந்தி. போட்டோ கொப்பி, போன் ரீலோட், போனுக்குப் பாட்டு ஏற்றுவது என்று ஒற்றை ஆளாய்க் கடை நடத்துகிறவள்.

கடையின் பின்கதவுப் பூட்டு உடைந்து தொங்கியது.

மேசை மேல்... பிணம்!

பதறாதீர்கள். கம்ப்யூட்டரின் பிணம்தான். வயது பன்னிரண்டு. பக்கத்துத் தகட்டைக் கழற்றி எறிந்திருந்தார்கள். வயர்கள் வெளியே தொங்கின.

முதலில் ஓடி வந்தவன் சுமன். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். கிருஷாந்தியின் புருஷன் சிவகரனுக்கு உயிர்ச் சிநேகிதன்.

"தங்கச்சி! என்னா ஆச்சு?"

"அண்ணே... பதினோரு மணிக்கு அவர கோர்ட்டுக்குக் கொண்டு போறாங்க. அந்த வீடியோ இதுக்குள்ளதானே இருக்கு! நான் இப்ப என்னா செய்வேன்?"

விஷயம் இதுதான்.

முந்தாநாள் சாயந்திரம், கடைக்கு எதிரே ரோடு வளையும் முடக்கில், மாயாண்டி என்ற தோட்டத் தொழிலாளியை ஏதோ ஒரு வண்டி அடித்துப் போட்டுவிட்டுப் பறந்தது. கால் முறிந்து கிடந்தவரைத் தன் த்ரீவீலரில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான் சிவகரன்.

பலன்? அடித்ததே நீதான் என்று அவனையே உள்ளே தள்ளிவிட்டார்கள்! மாயாண்டிக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை.

கிருஷாந்தியின் கடை வாசல் கெமரா அந்த முடக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பதிவு முழுவதும் இந்தக் கம்ப்யூட்டரில். ஆனால் வீடியோவைத் திறந்தாலே இந்தக் கிழடு மூச்சு முட்டி அப்படியே நின்றுவிடும். மெமரி போதாது. புது மெமரியோடு ஹட்டனிலிருந்து இன்று ஆள் வருவதாக ஏற்பாடு.

அதற்குள் இந்தக் கொலை!

பூட்டு உடைந்த சேதி கேட்டு சார்ஜன்ட் வந்தார். சிங்களக்காரர். தமிழ் பாதிக்குப் பாதி.

"மொகத நங்கி, என்னா தங்கச்சி? வீடியோவும் போச்சா? சரியான நேரத்துக்குத்தான் போறது!"

"சத்தியமா இருந்திச்சு சேர்!"

"இருந்தது சரி. இப்ப இல்லதானே? நான் போறது."

கிருஷாந்தியின் கண்கள் நிறைந்துவிட்டன. சுமன்தான் குறுக்கே போய் நின்றான்.

"கொஞ்சம் இருங்க சேர். ஹட்டன் ஆளு வந்து பாத்துட்டு, வீடியோ இல்லன்னு சொல்லட்டும். சேரும் காதால கேட்டுட்டுப் போங்க."

கதிரையைத் துடைத்துப் போட்டான். டீக்கடையில் ரெண்டு பிளேன்டி சொன்னான். ஒன்று சார்ஜன்டுக்கு, ஒன்று தனக்கு. சிநேகிதன் என்றால் இப்படி இருக்க வேண்டும்!

எட்டே முக்கால் பஸ்ஸிலிருந்து தர்ஷனா இறங்கினாள். முதுகில் பை. கையில் பாதி கடித்த ரோல்ஸ். ஹட்டனில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவள். வாய் கொஞ்சம் நீளம்.

"அக்கா! ஒப்பரேஷன் பண்ண நான் வர்றதுக்குள்ள யாரு வயித்தக் கிழிச்சது?"

"வெளையாடாத தர்ஷனா. என் வாழ்க்கையே போவுது."

அந்தக் குரலைக் கேட்டதும் தர்ஷனா ரோல்ஸைக் கீழே வைத்தாள். டோர்ச் அடித்து உள்ளே பார்த்தாள். பட்டனை அழுத்தினாள்.

பீப்... பீப்... பீப்...

"உசிரு இருக்கு!"

"அப்ப ஏன் கத்துறது?" என்றார் சார்ஜன்ட்.

"பசி சேர். ரெண்டு மெமரியையும் உருவிட்டாங்க. வேற ஒண்ணையும் தொடல."

கிருஷாந்தி அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

"மெமரியே போன பொறகு எந்த வீடியோ தங்கச்சி?" சுமன் பெருமூச்சு விட்டான். "மனசத் தேத்திக்க."

தர்ஷனாவின் நெற்றி சுருங்கியது.

"மோனிட்டர் இருக்கு. பிரிண்டர் இருக்கு. வெரல் நீளத்துல ரெண்டு துண்ட மட்டும் எடுத்துட்டுப் போயிருக்கான். அக்கா, மெமரி மாத்தப்போறத யாருகிட்ட சொன்னீங்க?"

"கடைக்கு வந்தவங்க எல்லாருகிட்டயுந்தான். மெமரி வந்தாத்தான் வீடியோ தெரியும்னு..."

"ஓ!"

அவ்வளவுதான் சொன்னாள். பையிலிருந்து வெள்ளி நிறக் கவரை எடுத்தாள். பெட்டியின் இரும்பைத் தொட்டுக் கைகளில் இருந்த கரண்டைப் போக்கினாள். புது மெமரி ரெண்டையும் பள்ளத்தில் வைத்து அழுத்தினாள்.

டக்... டக்!

பட்டன்.

பீப் இல்லை. அழுகை இல்லை. திரையில் வெளிச்சம் வந்தது!

சுமன் நிதானமாகப் பிளேன்டியை உறிஞ்சினான்.

கெமரா. முந்தாநாள். மாலை ஐந்து நாற்பது. தர்ஷனா சொடுக்கினாள். கிழடு குமரன் மாதிரி ஓடியது!

பனிமூட்டம். ரோட்டோரமாய்ப் பையோடு நடக்கும் மாயாண்டி. பின்னால்... ஒரு வேன்!

அடித்தது. நின்றது. டிரைவர் இறங்கினான். விழுந்தவரைக் குனிந்து பார்த்தான். ஆள் நடமாட்டம் இருக்கிறதா என்று நாலா பக்கமும் பார்த்தான். கடைசியாக, கெமராவையும்!

அந்த முகம்...

சிலீர்!

பிளேன்டி கிளாஸ் தரையில் சிதறியது. சுமனுடைய கிளாஸ்.

"அது எப்படி? மெமரியத்தான் நான் ஆத்துல எறிஞ்சிட்டேனே!"

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினான். சார்ஜன்டின் கை அவன் கொலரில் இருந்தது. அவரைப் பிடித்து உட்கார வைத்த புண்ணியவானும் அவன்தான்!

"அண்ணே, அண்ணேன்னு கூப்பிட்டேனேடா பாவி!" கிருஷாந்தி வெடித்து அழுதாள். "நீ செஞ்சதுக்கு அவரு உள்ள கெடக்காரேடா!"

சார்ஜன்ட் ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். சிங்களத்தில் நாலே வார்த்தை. பிறகு கிருஷாந்தியிடம் குரலைத் தாழ்த்தினார்.

"அழ வேணாம் நங்கி. ஜீப் பதினோரு மணிக்குப் போறதுதான். ஆள் மட்டும் வேற."

சுமன் இன்னும் திரையையே முறைத்துக்கொண்டிருந்தான்.

"போன்ல பாட்டு, படம் எல்லாம் மெமரிலதானே இருக்கு? இந்தக் கடையிலதானே ஏத்துனேன்!"

"போன்ல நீங்க சொல்றது மெமரி கார்டு, சிப்பு. இதுல வீடியோ இருக்கறது ஹார்ட் டிஸ்க்ல, அத நீங்க தொடவேயில்ல. பழைய மெமரிய நானே கழட்டி வீசத்தான் வந்தேன். வேலையக் கொறச்சிட்டீங்க!"

"அப்ப... நான் எறிஞ்சது என்னா?"

தர்ஷனா ரோல்ஸை எடுத்து ஒரு கடி கடித்தாள்.

"கரண்ட் நின்னா எல்லாத்தையும் மறந்துர்ற சாமான். நீங்க ஆத்துல விட்டது ஞாபகத்த இல்லண்ணே... மறதிய!"