பின்சுவரைப் பார்த்துச் சாய்ந்த செடிகள்

பூவின் நடுவில் ஒரு இலை முளைத்திருந்தது.

சாயங்காலம் பல்பைப் போட்டதும் தேவகனியின் கண்ணில் அதுதான் முதலில் பட்டது. திரண்டு பிசுபிசுத்து வர வேண்டிய மொட்டுக்குள்ளிருந்து, வழுவழுப்பான ஒற்றை இலை ஒன்று வெளிறிப்போய் நீட்டிக்கொண்டிருந்தது. கஞ்சாச் செடிக்கு அப்படி இலை வராது. இதற்கு முன் செத்த செடிகளும் இப்படித்தான் ஆரம்பித்தன. அவளுக்கு ஆத்திரம் வந்தது.

செடி ஷாஜனுக்காக. எலும்பில் புற்று பரவி, ஆஸ்பத்திரி மாத்திரை சாப்பிட்டால் வாந்தியும் சாப்பிடாவிட்டால் அலறலுமாக, முன்னறைக் கட்டிலில் கிடக்கிறான் அவள் புருஷன். லாரி ஓட்டும் அவன் கூட்டுக்காரன் ஸ்ரீஜித்துதான், பூவைக் காய்ச்சி எண்ணெயெடுத்து நாக்கில் வைத்தால் மனுஷன் தூங்குவான் என்று சொல்லி விதை கொண்டுவந்து கொடுத்தான். போலீஸ் வந்தால் கம்பி எண்ண வேண்டியதுதான் என்று அவளுக்குத் தெரியும். வரட்டும் என்றிருந்தாள். ரப்பர் ஷீட்டைக் காயவைக்கும் புகைப்புரை சும்மா பூட்டிக் கிடந்தது. ஜன்னல் கிடையாது. ராத்திரி பல்பு, பகலெல்லாம் இருட்டு. பூக்கிற பருவத்தில் செடிக்கு அந்த நீண்ட இருட்டுதான் உயிர்.

மாமனார் ஞானதாசன் உயிரோடு இருந்திருந்தால் செடியையும் அவளையும் சேர்த்துப் பிடுங்கி எறிந்திருப்பார். அவருக்கும் இதே நோவுதான். கர்த்தர் தந்த பாடு என்று ஒரு மாத்திரையைக் கூட வாயில் வைக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார். அதை ஒரு சாட்சியாகச் சபையில் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டார்கள். அவர் கடித்துக் கிழித்த தலையணைகளைத் துவைத்தவள் தேவகனி. அவளிடம் யாரும் சாட்சி கேட்கவில்லை.

முதல் செடி வாடியபோது தண்ணீர் கூடிவிட்டது என்று நினைத்தாள். பிடுங்கிப் பார்த்தால் வேர் அழுகாமல் வெள்ளை வெளேரென்று இருந்தது. அடுத்ததற்குப் பூச்சி என்று நினைத்து இலையின் அடியெல்லாம் தேடினாள், வேப்பெண்ணெய் தெளித்தாள், காற்றுக்கு ஃபேன் வைத்தாள். பூ பழுத்து, தண்டு துவண்டு, அதுவும் போயிற்று. இன்று இலை விட்ட செடியையும் சேர்த்து மிச்சம் இரண்டே. அவற்றைத் தள்ளி நின்று பார்த்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. இரண்டும் பின்சுவரைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. தொட்டிகளைத் திருப்பி வைத்தாள். மறுநாள் சாயங்காலம் மறுபடியும் பின்சுவரைப் பார்த்தே வளைந்து நின்றன.

ஸ்ரீஜித்துக்குப் போன் போட்டாள்.

"அக்கா, செடி வெளிச்சத்தப் பாத்துதான் சாயும். பகல்ல எங்கயோ வெளிச்சம் ஒழுகுது, அதான் பூவுக்குள்ள இலை வருது. கதவப் பூட்டிட்டு உள்ள இருந்து பாருங்க. ஓட்டை இருந்தா கண்ணுக்குத் தெரியும்."

"பின்சுவர்ல ஓட்டை எப்பிடிடே இருக்கும்? அதுக்கு அந்தப் பக்கம் வெட்டின மண்ணாக்கும்."

ஆமாம், மண்தான். சரிவை வெட்டி, வெட்டின மேட்டோடு ஒட்டவைத்துக் கட்டிய புரை அது. மேட்டின் மேல் குடும்பக் கல்லறைகள். கடைசியாகக் கட்டியது மாமனாருடையது, பின்சுவருக்கு நேர் மேலே.

மறுநாள் உச்சிப்பொழுதில், ஷாஜனுக்குக் கஞ்சி கொடுத்து முகம் துடைத்துவிட்டு, அவள் புரைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். வெளியே ரப்பர் இலைகள் உரசும் சத்தம், ரோட்டில் மீன்காரரின் ஹாரன், ஓட்டின் மேல் ஓணான் ஓடுவது எல்லாம் ஒவ்வொன்றாகத் தேய்ந்து தூரப்போக, பழைய புகை நாற்றமும் செடிகளின் பச்சை நாற்றமும் தொண்டையில் வந்து உட்கார்ந்தன. கதவடியில் ஒரு வெள்ளைக் கோடு. சாக்கைத் திணித்தாள். ஓட்டு இடுக்கில் ஒரு புள்ளி. சேற்றை அப்பினாள். இருட்டு நிறைந்தது.

பின்சுவரில் மட்டும் ஒரு பொட்டு வெளிச்சம், மிளகு அளவுக்கு.

மஞ்சளாக இருந்தது. வெயிலின் நிறம் அல்ல. கிட்டப் போய் உள்ளங்கையை அதன் முன்னால் பிடித்தாள். கையில் சின்னதாக ஒரு மஞ்சள் வட்டம் விழுந்தது. பிறகு அணைந்தது. பிறகு விழுந்தது. அந்தப் பக்கம் யாரோ ஓட்டையில் கண்ணை வைத்து எடுத்ததாகத்தான் அவளுக்குத் தோன்றியது.

எப்படித் தாழ்ப்பாளைத் திறந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வீட்டுக்குள் வந்து கட்டிலோரம் விழுந்தாள்.

ஷாஜன் கண்ணைத் திறந்தான். "ஏட்டி, அப்பா இப்பம் வந்துட்டுப் போனாரு."

"எந்த அப்பா?"

"நம்ம அப்பாதான். புரைக்குள்ள என்ன பச்ச நாத்தம்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னிய?"

அவன் பதில் சொல்வதற்குள் நோவு வந்துவிட்டது. முதுகு வில்லாக வளைய, பல்லைக் கடித்து, தலையணையை வாய்க்குள் இழுத்தான். அப்படியே அப்பனைப்போல. அதைப் பார்த்ததும் அவளுக்கு இருந்த பயமெல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டது.

"அவரு கெடந்த மாதிரி உங்கள நான் கெடக்க விடமாட்டேன், கேட்டியளா" என்றாள். அவன் நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டு எழுந்தாள்.

மாட்டுத்தொழுவத்தில் அரை மூட்டை சிமெண்ட் இருந்தது. குழைத்தாள். கொத்துக்கரண்டியோடு புரைக்குள் நுழைந்து, தாழ்ப்பாள் போட்டு, சாக்கைத் திணித்து, அந்த மஞ்சள் புள்ளியை நேருக்கு நேர் பார்த்தாள்.

"மாமா, நீங்க தாங்கினிய. அது உங்க இஷ்டம். என் மாப்பிள தாங்க வேண்டாம்."

சிமெண்டை அப்பினாள். அந்தப் பக்கமிருந்து எதுவோ தள்ளியது. விரல் அழுத்துவது கையில் தெரிந்தது. கரண்டியை எறிந்துவிட்டு இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்திப் பிடித்தாள். விடவில்லை. தோள் எரிந்தது. விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கத்து வேகம் குறைந்து, நின்றது.

சுத்த இருட்டு. தன் கையே தெரியாத இருட்டு. இதுதான் வேண்டும். இலை விட்டது போனால் போகட்டும், இன்னொன்றில் பூ இன்னும் கெடவில்லை, அது ஒன்று போதும் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்புகூட வந்தது.

பன்னீர் வாசனை அடித்தது. ஈர மண்ணும் பன்னீரும்.

பிறகு பூ தெரிந்தது. முதலில் அதன் நுனி. பிறகு முடிச்சு முடிச்சாகக் காம்பு வரைக்கும். மஞ்சளாக.

சுவரைப் பார்த்தாள். சிமெண்ட் அப்படியே இருந்தது. ஈரத்தில் மினுங்கியது. அதன் மேல் அவள் நிழல் விழுந்திருந்தது.

வெளிச்சம் அவளுக்குப் பின்னால் இருந்தது.

தாழ்ப்பாள் போட்ட கதவுக்கும் அவளுக்கும் நடுவில்.

திரும்பவில்லை. திரும்பினால் கால் ஓடிவிடும். ஓடினால் செடி போய்விடும். ஒரு எட்டு எடுத்து வைத்து, பூவுக்கு முன்னால் வந்து நின்று, முந்தானையை விரித்து அதை மூடினாள்.

"அணையுங்க மாமா." மறுபடியும் சொன்னாள். "லைட்ட அணையுங்க. செடி செத்துரும்."

முன்னறையிலிருந்து ஷாஜனின் அலறல் கேட்டது.

சுவரில் அவள் நிழல் பெரிதானது. வெளிச்சம் கிட்டே வந்தது. அவள் நிழலுக்குப் பக்கத்தில் இன்னொரு நிழல் எழுந்தது. உயரம். தலையைச் சுற்றித் துணி. பெட்டியில் வைக்குமுன் வாய் திறந்துகொள்ளாமல் இருக்கத் தாடையைச் சேர்த்துக் கட்டிய துணி. உச்சியில் அதன் முடிச்சு.

"நீங்க என்ன சொன்னாலும் கேக்கமாட்டேன்."

நிழல் இரண்டு கைகளையும் மேலே தூக்கியது. பொறுமையாக முடிச்சை அவிழ்த்தது.

தேவகனி செடியை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

வாய் திறக்க, தாடையின் நிழல் சுவரில் இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது.