கஞ்சியில் ஒரு கரண்டி மாவு

விடிந்தும் விடியாததுமாக மறுபடியும் கக்கூசிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள் பாண்டிசெல்வி. பினாயிலையும் மீறி அழுகிய நாற்றம் நடுவீடு வரை வந்தது. மாமியார் பரிபூரணம் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"ச்சீ... செத்த எலி மாதிரில்லா நாறுது! புரட்டாசிச் சனிக்கிழமையும் அதுவுமா, இந்தக் கோலத்துலயா நம்மூருத் திருவண்ணாமலப் பெருமாள் கோயிலுக்கு வாரே? பெருமாளே மூக்கப் பொத்துவாரு!"

பாண்டிசெல்விக்கே தன் உடம்பு அருவருத்தது. எண்ணெய்ப் பிசுக்காய்ப் பீங்கானில் ஒட்டிக்கொள்ளும் கழிவைத் தினமும் குனிந்து தேய்ப்பவள் அவள்தானே!

'சீலியாக்', கோதுமை ஆகாத குடல் நோய் என்று மதுரை டாக்டர் சொல்லிப் பல மாதம் ஆயிற்று. சப்பாத்தி, ரவை, பரோட்டா எல்லாவற்றையும் விட்டாள். வயிற்றுப்போக்கு மட்டும் நின்றபாடில்லை.

"கோதுமையத்தான் நிறுத்தியாச்சே... பொறவும் என்ன நடிப்பு? ஏலே வினோத், இவள மகாராஜபுரத்துல அவ ஆத்தா வீட்ல விட்டுட்டு வா. பிள்ள இங்கயே இருக்கட்டும்!"

பிள்ளையை விட்டுவிட்டா! பதறி அடுப்படிக்குள் ஓடினாள். திட்டினாலும் அவளுக்கான அரிசிக் கஞ்சியை மாமியார்தான் காய்ச்சுவாள். அன்றும் அடுப்பில் கொதித்தது. பின்னாலேயே வந்த பரிபூரணம் ஒரு டப்பாவைத் திறந்து, ஒரு கரண்டி மாவை அதில் கலக்கினாள்.

"அத்தே... அது என்ன மாவு?"

"சம்பாக் கோதும, வறுத்துத் திரிச்சது. தெனமும் போடுததுதான். எலும்புந்தோலுமா கெடக்கியே, ஒரு கரண்டி என்ன செஞ்சிரும், உரம் ஏறட்டும்னு..."

பாண்டிசெல்வி அங்கேயே வாந்தி எடுத்தாள். ஓடிவந்த கணவன் வினோத் தோளில் கிடந்த துவாலையை உதறினான்.

"இந்தா பாரும்மா! இதுல நூலு பூப்பூவா நிக்குல்லா, அப்பிடித்தான் கொடலுக்குள்ளயும் இருக்கும். அதான் சத்த உறிஞ்சும். கோதும உள்ள போனா இவ உடம்பே அந்தப் பூவயெல்லாம் அழிச்சு மொட்டையாக்கிரும். பொறவு எங்க உறிஞ்ச? தின்னதெல்லாம் அப்பிடியே ஓடிரும்... அதுக்கு ஒரு கரண்டி போதும்மா!"

பரிபூரணத்தின் கையிலிருந்து டப்பா நழுவியது.

"ருசி மாறுனது தெரிஞ்சுது அத்தே," விம்மினாள் பாண்டிசெல்வி. "கேட்டா உங்க மனசு நோகுமேன்னுதான்... ஒரு நாளும் மிச்சம் வைக்கல."

வாந்தியைத் துடைக்கக் குனிந்தவளின் கையைப் பரிபூரணம் பிடித்து நிறுத்தினாள். மூக்கைப் பொத்திய அதே முந்தானையால் மருமகளின் வாயைத் துடைத்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, முகம் சுளிக்காமல், வெறுங்கையால் வாந்தியை வழித்தாள்.

"விடுட்டி... இது நான் வச்ச நாத்தம்!" என்று உடைந்து அழுதாள்.

வெளியே, கோயிலுக்குக் கூட்டிப்போக வந்த வேன்காரன் ஹாரன் அடித்தான்.

"பெருமாளு செத்த நேரம் காத்துக்கிடட்டும்லே வினோத். இவளுக்குக் கஞ்சி காய்ச்சணும்... இந்தச் சட்டியில கோதும ஒட்டிக் கெடக்கும், கடைக்குப் போயி புதுச் சட்டி ஒண்ணு வாங்கிட்டு வா."