கவிழ்த்துக் காட்டிய செம்பு

உஷாந்தி முதலில் பார்த்தது பசுவின் கண்களைத்தான்.

பெரிய, கரிய, எதற்கும் அவசரப்படாத கண்கள்... கொழும்பு, கொட்டாஞ்சேனையில் அவள் வேலை பார்க்கும் அருங்காட்சியகத்தின் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு சின்ன லொறி நின்றது. அதன் பின்பக்கத்திலிருந்து அந்தக் கண்கள் அவளைப் பார்த்தன. மழை தூறிக்கொண்டிருந்தது. வெள்ளவத்தையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவள், ஒரு கையில் குடையும் மறு கையில் குறிப்புத் தாள்களுமாக, லொறிக்கும் மதிலுக்கும் நடுவே நுழையப் பார்த்தாள். பசு தலையை நீட்டியது. நாக்கு வந்தது. தாள்கள் போயின.

நான்கு பக்கம், மூன்று மாத உழைப்பு. மென்று விழுங்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“அது என்ர பேச்சு...” என்றாள் உஷாந்தி, யாரிடம் சொல்கிறோம் என்றே தெரியாமல்.

லொறியின் மறுபக்கத்திலிருந்து ஒருவன் எட்டிப் பார்த்தான். நனைந்த தலை, மடித்துக் கட்டிய சாரம். சிரிப்பை அடக்க முடியாமல் தவிக்கும் கண்கள்... அன்றைக்கு அவள் பார்த்த இரண்டாவது சோடி.

“மன்னிச்சுக்குங்க மிஸ். லொறியில வந்தா வயித்தைப் புரட்டும்னு காலையில அவளுக்குப் புல்லு வைக்கல.” பசுவின் வாயைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னான். “பேச்சு நல்லாத்தான் எழுதியிருக்கீங்க போல. ஒரு எழுத்து மிச்சம் விடல.”

கோபப்பட வேண்டிய இடம். ஆனால் சிரிப்பு வந்து தொலைத்தது. அதை மறைக்க அவள் குடையைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டாள்.

அவன் பெயர் தனஞ்சயன். வத்தளையில் அப்பாவோடு பன்னிரண்டு மாடுகள் வைத்திருக்கிறான். அவன் அன்று அங்கே வரவேண்டியவனே இல்லை. நுகேகொடையிலிருந்து வருவதாக இருந்த மாட்டுக்கு முந்தின நாள் காய்ச்சல் கண்டுவிட்டது. யாரோ யாருக்கோ போன் அடித்து, கடைசியில் விடியற்காலையில் அவனைப் பிடித்திருந்தார்கள்.

அன்று அருங்காட்சியகத்தில் பழைய பால்பட்டி நாள். நூறு வருடத்துக்கு முன்னால் கொழும்பு வீடுகளுக்குப் பால் எப்படி வந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் செய்தே காட்டும் நாள். பின்கட்டுத் தொழுவத்தில் கறவை, முற்றத்தில் தயிர் கடைதல், கூடத்தில் பழைய படங்கள். ஏற்பாடு முழுவதும் உஷாந்தியுடையது. பதினொரு மணிக்கு நிர்வாகக் குழு வரும், எல்லாம் சரியாக இருந்தால் அவளுடைய தற்காலிக வேலை இன்றே நிரந்தரமாகும், கடிதம் தயாராக இருக்கிறது என்று பொறுப்பாளர் ஷெரோமி சொல்லியிருந்தார். போன வருடக் கண்காட்சியில் உஷாந்தி ஒரு ஆண்டைத் தவறாகப் போட்டுவிட்டாள். இன்னொரு பிழை வந்தால் தன்னால் காப்பாற்ற முடியாது என்றும் அவர் அப்போதே சொல்லியிருந்தார். அம்மாவோ நேற்றே வெள்ளவத்தை மாடிக் குடியிருப்பு முழுக்கச் செய்தியைப் பரப்பிவிட்டாள்.

தனஞ்சயன் பசுவைத் தொழுவத்தில் கட்டிவிட்டுக் கூடத்துக்கு வந்தான். அவளும் கூடவே வந்தாள். தேவையில்லைதான்... ஆனாலும் வந்தாள். தயிர் மத்தைப் பார்த்துச் சிரித்தான், பிரம்புக் கூடையைத் தொட்டுப் பார்த்தான், கேள்வி கேட்டான். அவன் கேட்கக் கேட்க, தாளில் எழுதாததெல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்தது. இவனிடம் இப்படியே கதைத்துக்கொண்டிருக்கலாம் போலிருக்கிறதே என்று நினைத்து, நினைத்ததற்காகத் தன்னையே அதட்டிக்கொண்டாள்.

நடுச்சுவரில் இருந்த பெரிய படத்தின் முன்னால் அவன் நின்றான். பிறகு அசையவே இல்லை.

ஒரு வெள்ளவத்தை வீட்டு வாசல். படியில் இரண்டு பெண்கள். கீழே தலைப்பாகை கட்டிய ஒருவர், பித்தளைச் செம்பொன்றை உயர்த்தித் தலைகீழாகக் கவிழ்த்தபடி நிற்கிறார். அடியில் உஷாந்தி எழுதியது, தமிழிலும் சிங்களத்திலும் இங்கிலீஷிலும்: ‘தண்ணீர் கலந்து பிடிபட்ட பால்காரர். பால் கீழே ஊற்றப்படுகிறது.’

“இதை எழுதினது யாரு?”

“நான்தான்.”

“இவர் பேரு உலகப்பன். என்னோட பூட்டன்.” அவன் குரலில் சிரிப்பு இல்லை. “எங்க வீட்டுல இந்தப் படம் சாமி படத்துக்குப் பக்கத்துல இருக்கு. அவர் பாலை ஊத்தல மிஸ். கறக்கிறதுக்கு முன்னால வெறும் செம்பைக் கவிழ்த்துக் காட்டுறார்.”

உஷாந்தி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பதினொரு மணி... கடிதம்... அம்மா. பயம் வந்தால் சிலருக்கு அழுகை வரும். அவளுக்குத் திமிர் வரும்.

அந்தப் படம் ‘கலப்பட வழக்குகள்’ என்று எழுதிய உறைக்குள் கிடைத்தது என்றாள். “உங்கட வீட்டில சொல்லுற கதையை வச்சு நான் இதை மாத்தேலாது.”

“வீட்டுக் கதை...” அவன் அந்தச் சொல்லை மெதுவாகத் திருப்பிச் சொன்னான். “சரிதான். நீங்க படியில நின்னவங்க. நாங்க கீழ நின்னவங்க. உங்க பேச்சுத்தானே போர்டுல ஏறும்.”

பிள்ளைகள் காத்திருப்பார்கள், வந்ததற்குக் கறந்து கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் திரும்பி நடந்தான். காலையில் குடைக்கடியில் ஒளித்த சிரிப்பு எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை. நெஞ்சு வலித்தது. அறிமுகமாகி ஒரு மணிநேரம்கூட ஆகாத ஒருவனுக்காக இப்படியா வலிக்கும்?

பத்து மணிக்குத் தொழுவத்தைச் சுற்றிப் பிள்ளைகள் நெருக்கியடித்து நின்றார்கள். தனஞ்சயன் வீட்டிலிருந்து கொண்டுவந்த பித்தளைச் செம்பை எடுத்தான். உட்காரவில்லை. செம்பை உயர்த்தி, கவிழ்த்து, ஒரு உலுக்கு உலுக்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எல்லாருக்கும் காட்டினான். உஷாந்தியைப் பார்க்கவில்லை. பழக்கம் அது. கை தானாகச் செய்தது.

ஏன் அப்படிச் செய்கிறீர்கள் என்று ஒரு சிறுமி கேட்டாள்.

“உள்ள ஒரு சொட்டுத் தண்ணி இல்லைன்னு காட்டத்தான் பாப்பா. காட்டிட்டு, உங்க கண்ணு முன்னாலயே கறப்போம். எங்க வீட்டுல யாரும் இதைச் செய்யாம உட்கார மாட்டோம்.”

உஷாந்தி அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மடங்கிய முழங்கை... செம்பின் விளிம்புக்குள் நுழைந்த கட்டைவிரல்... அப்படியே படத்தில் இருந்த கை.

கூடத்துக்கு ஓடினாள். படத்தின் முன்னால் மூச்சு வாங்க நின்றாள். கவிழ்ந்த செம்புக்குக் கீழே தரை காய்ந்திருந்தது. ஒரு துளி ஈரம் இல்லை. படத்தின் ஓரத்தில், அழகுக்காக இருக்கட்டுமென்று அவள் வெட்டாமல் விட்டுவைத்த தூணில், கன்றுக்குட்டி கட்டப்பட்டிருந்தது. அதற்குப் பின்னால் பசு. மடி நிறைந்து கனத்துத் தொங்கியது. இன்னும் கறக்கவே இல்லை. கறக்காத பாலை யார் கீழே ஊற்றுவது?

மூன்று மாதம் பார்த்த படம். உறையைப் படித்தாளே தவிர, படத்தைப் பார்க்கவில்லை.

பேசாமல் இருந்துவிடலாம். குழு வந்து பார்த்து, தலையாட்டிவிட்டுப் போகும். கடிதம் கைக்கு வரும். திங்கட்கிழமை யாருக்கும் தெரியாமல் வாசகத்தை மாற்றிவிடலாம். அப்படிச் செய்யலாம் என்று அவள் நிஜமாகவே நினைத்தாள். ஆனால் இன்றைக்கு மட்டும் இருநூறு பிள்ளைகள் அந்த மனிதரைத் திருடன் என்று வாசித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அதைத் தெரிந்துகொண்டே நிற்க அவளால் முடியவில்லை.

பதினொன்றுக்குக் குழு வந்தது. ஷெரோமி பெருமையோடு அவளை முன்னே அழைத்தார். பிள்ளைகளும் ஆசிரியர்களும் பின்னால் நின்றார்கள். கையில் குறிப்புத் தாள் இல்லை. அதுவும் நல்லதுக்குத்தான்... இருந்திருந்தால் அதையே வாசித்திருப்பாள். மேசையிலிருந்த வெள்ளைத் தாளொன்றை எடுத்து, அடியில் இருந்த வாசகத்தை மூடி ஒட்டினாள். மூன்று மொழியிலும் ஒன்றையே சொன்னாள். தமிழில் சொன்னது இதுதான்.

“இதில எழுதியிருந்தது பிழை. எழுதினது நான். இவர் ஆரையும் ஏமாத்தேல்லை. ஏமாத்தேல்லை எண்டு காட்டுறதுக்குத்தான் செம்பைக் கவிழ்க்கிறார். கன்றைப் பாருங்கோ, மடியைப் பாருங்கோ. இவற்ற பேர் உலகப்பன். அவற்ற குடும்பத்திட்ட நான் மன்னிப்புக் கேக்கிறன்.”

ஷெரோமியின் முகம் சுருங்கியது. குழுவில் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கன்றைத் தேடினார். பிறகு எல்லாரும் தயிர் கடையப் போய்விட்டார்கள். கடிதம் இன்றைக்கு இல்லை, குழு மறுபடி யோசிக்க வேண்டுமாம் என்று ஷெரோமி அவள் காதோடு சொல்லிவிட்டுப் போனார். கூடத்தின் பின்வாசலில் தனஞ்சயன் நின்றிருந்ததை அவள் அப்போதுதான் கண்டாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். திரும்பித் தொழுவத்துப் பக்கம் போய்விட்டான்.

மதியம் மழை வலுத்தது. அவள் வாசலுக்கு வந்தபோது பசு லொறியில் ஏறியிருந்தது. அவன் தாழ்வாரத்தில் நின்று சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருந்தான். செம்பு படியோரம் இருந்தது.

“வேலை போயிருச்சா மிஸ்?” என்று கேட்டான். குரல் இறங்கியிருந்தது.

“தெரியேல்லை. போனாலும்...” முடிக்காமல் விட்டாள்.

காலையில் தானும் ஒரு வார்த்தை அதிகமாகப் பேசிவிட்டதாக அவன் சொன்னான். படியில் நின்றவர்கள், கீழே நின்றவர்கள் என்றது தப்பு. இவ்வளவு பேர் முன்னால் தன் பிழையைத் தானே சொன்ன ஒருவரைத் தான் இதுவரை பார்த்ததில்லை என்றான். மழை விடவில்லை. லொறியை எடுக்க வேண்டும், அவன் எடுக்கவில்லை. அவள் உள்ளே போக வேண்டும், போகவில்லை.

இப்போது விட்டால் இவன் வத்தளைக்குப் போய்விடுவான், நான் வெள்ளவத்தைக்குப் போய்விடுவேன்... எந்த ஊர் ஆக்கள் என்று அம்மா கேட்பாள், கேட்கட்டும். இன்றைக்கு ஒருதரம் உண்மை சொல்லியாகிவிட்டது. இரண்டாவது அவ்வளவு கஷ்டமில்லை.

உஷாந்தி அவனைப் பார்த்தபடியே குனிந்து செம்பை எடுத்தாள். கட்டைவிரலை விளிம்புக்குள் நுழைத்து, அவன் செய்ததைப் போலவே உயர்த்திக் கவிழ்த்தாள்.

கூரையிலிருந்து ஒழுகிச் செம்பில் நிறைந்திருந்த மழைத்தண்ணீர் அத்தனையும் அவள் சேலையில் கொட்டியது.

அவன் கண்களில் காலையில் பார்த்த அந்தத் தவிப்பு திரும்பி வந்தது. “இப்ப தண்ணி கலந்தது யாரு மிஸ்?”

“நான்தான்... அதையும் ஒத்துக்கொள்ளுறன்.” அவளும் சிரித்தாள். இந்த முறை மறைக்கக் குடை இல்லை. செம்பை இறக்கவும் இல்லை. “இப்ப பாருங்கோ. உள்ளுக்கு ஒண்டும் இல்லை, ஒளிக்கவும் ஒண்டும் இல்லை. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு.”

தனஞ்சயன் செம்பை அவள் கையிலிருந்து வாங்கினான். உள்ளே பார்த்தான். பிறகு அவனும் அதை ஒருமுறை உயர்த்தி, அவள் கண் முன்னால், மெதுவாகக் கவிழ்த்துக் காட்டினான்.