பின்கதவு சாத்தும் நேரம்

கிட்டுசாமி அடுப்படியைத் தாண்டிப் பின்கதவுப் பக்கம் போனபோது மிதியடி நனைந்து கிடந்தது. அந்தக் கதவை நேற்றிலிருந்து யாரும் திறக்கவில்லை. மகன் நவநீத்தும் மருமகள் ரக்ஷாவும் காலையில் கராஜ் வழியாகக் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்கள். சளி என்று டேகேருக்கு அனுப்பாமல் இவரிடம் விட்டுப்போன நாலு வயசுப் பேரன் க்ரிஷ் சோபாவை விட்டு இறங்கவே இல்லை. மிதித்ததும் காலுறைக்குள் சில்லென்று ஏறியது பனி உருகின தண்ணீர்.

"ஏஞ்சாமி, இங்க நீ தண்ணி ஊத்துனயா?"

"நோ தாத்தா. இட்ஸ் ஃப்ரம் ஹர் ஷூஸ்."

"யாரு ஷூஸு?"

பையன் டிவியைப் பார்த்தபடி கதவுப் பக்கம் கையை மட்டும் நீட்டினான்.

அமெரிக்காவின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஜனவரி மாதம் நாலரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். சன்னலுக்கு வெளியே பனி வெளுப்பு மங்கி நீலமாகிக்கொண்டிருந்தது, சுவருக்குள் ஹீட்டர் மூச்சிரைக்கிற கிழவன் மாதிரி இழுத்து இழுத்து ஓடியது, மத்தியானம் வைத்த ரசத்தின் வாசத்துக்கு அடியில் இன்னொரு வாசமும் வந்தது. உரித்த ஆரஞ்சுத் தோல். இந்த வீட்டில் ஆரஞ்சு வாங்கி ஒரு வருஷம் ஆகிறது.

ஆரஞ்சு தின்றவள் யூலியானா. கொலம்பியா தேசத்துக்காரி, இருபத்திரண்டு வயசு. வெளிநாட்டுப் பிள்ளைகளை வீட்டோடு வைத்துக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும் ஓபேர் என்கிற திட்டத்தில் வந்தவள். வந்த அன்றே அவருக்குப் பிடிக்கவில்லை.

"மாமா, அவ வேலைக்காரி இல்லீங்க. ஃபேமிலி மெம்பர்னு சைன் பண்ணியிருக்கோம். நம்மகூட டேபிள்லதான் சாப்பிடுவா. இது கல்ச்சுரல் எக்ஸ்சேஞ்ச்" என்றாள் ரக்ஷா.

"அப்ப ரேஷன் கார்டுலயும் அவ பேரைச் சேத்திரு தாயி" என்றார் கிட்டுசாமி.

ஊர் பேர் தெரியாதவளை நடுவீட்டில் விடுவதே அவருக்கு வயிற்றெரிச்சல். அதைவிடப் பெரிய எரிச்சல், பேரன் அவள் மடியில்தான் தூங்கினான், அவள் ஊட்டினால்தான் வாயைத் திறந்தான். இவர் கை நீட்டினால் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

போன ஜனவரியில் இதே நேரம். விளக்கு வைக்கிறபோது பின்கதவைச் சாத்திவிட வேண்டும், முன்வாசலில் வருகிற லட்சுமி பின்வாசல் வழியாகப் போய்விடக் கூடாது. சம்சாரம் இருந்தவரை அவள் செய்தாள், இங்கே மருமகளுக்கு நேரமில்லை, அதனால் இவரே செய்தார். அன்றைக்கு அந்தப் பெண் மெல்லிய சட்டையோடு குப்பைப் பையை எடுத்துக்கொண்டு பின்னால் போயிருந்தாள். அவருக்குத் தெரியும். தெரிந்துதான் தாழ்ப்பாளைப் போட்டார். கொஞ்ச நேரம் நிற்கட்டும், புத்தி வரட்டும்.

அவள் தட்டினாள். க்ரிஷிடம் கற்றுக்கொண்ட ஒரே தமிழ் வார்த்தையைச் சொல்லிக் கூப்பிட்டாள். "தாத்தா! தாத்தா!" அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார். சுற்றிக்கொண்டு முன்பக்கம் வரப் பார்த்தவள் பக்கச் சந்தில் வழுக்கி மண்டையில் அடிபட்டு விழுந்தாள். ஏழு மணிக்கு ரக்ஷா வந்து பார்த்தபோது கண்ணிமையெல்லாம் பனி. போலீஸ் வந்தது. "தூங்கிப்போட்டேன், காதும் கேக்கறதில்ல" என்று மகனை விட்டுச் சொல்லவைத்தார். நம்பினார்கள். அவளைப் பெட்டியில் வைத்து அவள் ஊருக்கு அனுப்பினார்கள்.

இப்போதும் விளக்கு வைக்கிற நேரம்தான். தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார். விழுந்துதான் இருந்தது. தீக்குச்சியைக் கிழித்தார், இரண்டு குச்சி வீணாகி மூன்றாவதில்தான் திரி பிடித்தது.

தட்டும் சத்தம்.

மெதுவாக. விரல் முட்டியால். மூன்று முறை.

காற்றாக இருக்கும் என்று முனகிக்கொண்டார். திரும்பினார். சோபா காலியாக இருந்தது.

"சாமி? டேய் க்ரிஷு!"

மாடியில் இல்லை. பாத்ரூமில் இல்லை. பின்கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். வெளியே பலகைத் தரையின் கோடியில், முதுகைக் காட்டிக்கொண்டு, க்ரிஷின் சிவப்பு ஜாக்கெட் போட்ட சின்ன உருவம். தலையில் ஒரு சாண் பனி.

அவள் கூட்டிக்கொண்டு போக வந்துவிட்டாள். வேறு எதுவும் அவர் நினைக்கவில்லை. தாழைத் தள்ளினார், வேட்டியோடு ஓடினார், முழங்கால் வரை பனி, மூச்சு அடைத்தது.

"என்னைய என்ன வேண்ணாலும் பண்ணு. எம்பேரனை உட்டுரு!"

தோளைப் பிடித்தார். தோள் இல்லை. ஜாக்கெட்டுக்குள் வெறும் பனி. கையோடு உதிர்ந்தது.

பின்னால் தாழ் விழுந்தது.

திரும்பி ஓடினார். கண்ணாடியில் அறைந்தார். உள்ளே வெளிச்சம். சோபாவில் க்ரிஷ், யாரோ ஒருவர் மடியில். வெள்ளை வேட்டி. நரைத்த மார்பு. இடது புருவத்தில் தழும்பு.

அவருடைய தழும்பு.

அது பையனுக்கு ரசஞ்சாதம் ஊட்டியது. இவர் நீட்டினால் ஒருநாளும் திறக்காத வாய், ஆ என்று திறந்தது.

"சாமி! நாந்தாண்டா தாத்தா!"

குரல் வரவில்லை. கை படுகிற இடத்தில் சத்தமும் இல்லை. மூச்சில் புகையும் இல்லை.

கராஜ் கதவு உருண்டது. நவநீத் உள்ளே வந்தான், பையைப் போட்டான், சோபாவுக்குக் குனிந்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது.

"ஏனுங்கப்பா, தலையெல்லாம் இப்படி நனைஞ்சிருக்குது?"

அது சிரித்தது. நவநீத் கண்ணாடிக்கு வந்தான். அப்பாவின் முகத்துக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில் நின்று, இருட்டைப் பார்த்தான். திரையை இழுத்துவிட்டான்.

திரையில் நிழல் விழுந்தது. கிழவனின் உடம்பு. அதன் தலையிலிருந்து இடுப்பு வரை மெல்ல அவிழ்ந்து தொங்கியது ஒரு பெண்ணின் ஈரக் கூந்தல். அதற்குள் க்ரிஷ் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.